கஷாயம்: துவரும் குடிநீரும்

நாகர்கோவில் கோட்டாற்றில் நாட்டு மருந்துக்கடைக்குப் போய் "கசாயத்துக்கு மருந்து வேணும்" என்றால் வேரும் பட்டையும் தண்டுமாக நிறுத்துக் காகிதத்தில் பொதிந்து தருவார்கள். மார்த்தாண்டம் பக்கத்து ஆயுர்வேதக் கடையில் அதே சொல்லுக்கு 200 மி.லி. பாட்டில் கைக்கு வரும். அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கிடைப்பதோ 'குடிநீர்ச் சூரணம்' என்று அச்சிட்ட பொட்டலம். முதலாவதைக் காய்ச்ச வேண்டும். இரண்டாவதில் ஆறிய வெந்நீர் கலக்க வேண்டும். மூன்றாவது பார்க்கச் சூரணம்போல் இருந்தாலும் அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். சொல் ஒன்றாக இருப்பதால் நோயாளி முறையை மாற்றிவிடுகிறார். ஆகவே இந்தச் சொல்லின் வரலாறு ஏட்டு விவகாரம் மட்டுமல்ல, மருந்து கொடுக்கும் ஜன்னலின் விவகாரமும்கூட.

கஷாயம் வடசொல். 'ஷ'வை விலக்கிக் 'கசாயம்' என்று எழுதப் போய், அது கசப்பிலிருந்து வந்தது என்று நம்புகிறவர்கள் நிறைய. கசப்புக்கு வடமொழியில் திக்தம் என்று தனிச்சொல் உண்டு. ஆயுர்வேதத்தின் ஆறு சுவைகளில் கஷாயம் என்பது துவர்ப்பு. நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அந்தச் சுவை. நிலவேம்பு கசந்து தொலைப்பதால் கஷாயமே கசப்பு என்றாகிவிட்டது. கடுக்காயை மட்டும் காய்ச்சிக் குடித்துப் பார்த்தால் சொல்லின் பழைய பொருள் நாக்கிலேயே தெரியும்.

அடுத்த பொருள் நிறம். துறவியர் உடுக்கும் செங்காவித் துணி காஷாயம், பாலியில் காசாவம். சுவைக்கும் நிறத்துக்கும் மருந்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? மூன்றும் ஒரே பானையிலிருந்து வந்தவை. மரப்பட்டையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கும். நீர் செம்பழுப்பாகும், குடித்தால் துவர்க்கும், துணியை முக்கினால் காவியேறும்.

தமிழில் இதற்குச் சற்றும் குறையாத சொல் 'துவர்'. துவர்ப்பு சுவை, துவரிதழ் என்றால் சிவந்த உதடு, துவராடை என்றால் காவியுடை. சம்பந்தர் பாடல்களில் புத்தத் துறவியர் துவராடை உடுத்தவர்களாக வருகிறார்கள். மாதவி நீராடப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையுமாக மூலிகைகளும் மணப்பொருள்களும் ஊறிய நீரைச் சிலப்பதிகாரம் வைக்கிறது. வடமொழியில் கஷாயம் நடந்த பாதையில் சுவை, நிறம், மூலிகை நீர் என்ற மூன்று ஊர்களையும் துவர் தொட்டிருக்கிறது. மருந்துக்கு அந்தப் பெயர் நிலைக்கவில்லை, அவ்வளவுதான். 'துவர்நீர்' என்று இன்று புதிதாக ஆக்கினால் உப்புத்தண்ணீர் என்று எண்ணிவிடுவார்கள் என்பதால் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

மருந்துப் பொருளுக்குச் சித்த மருத்துவம் வைத்திருக்கும் சொல் குடிநீர். கியாழம் என்ற வடிவமும் ஏடுகளில் வரும். இப்போது அது பேச்சில் இல்லை. மருந்து வடிவங்களை உள்மருந்து 32, புறமருந்து 32 என்று பகுக்கும்போது சாறு, சுரசம், குடிநீர், கற்கம் என்ற வரிசையில் குடிநீர் நிற்கிறது. ஆயுர்வேதத்திலும் கஷாயம் என்பது உண்மையில் ஒரு குடும்பப் பெயர். பிழிந்த சாறு, அரைத்த விழுது, காய்ச்சிய நீர், குளிர்நீரில் ஊறியது, வெந்நீரில் ஊறியது ஆகிய ஐந்தும் கஷாய வகைகள். இவற்றில் காய்ச்சியதற்குத் தனிப்பெயர் க்வாதம். பேச்சுவழக்கு குடும்பப் பெயரை எடுத்து ஒரு பிள்ளைக்கு மட்டும் வைத்துவிட்டது.

ஆங்கிலத்திலிருந்து வந்த 'டிகாக்ஷன்' லத்தீனில் 'வற்றக் காய்ச்சுதல்' என்ற வேரினது. பொருள் பொருந்தினாலும் பயனில்லை. தமிழ்நாட்டில் டிகாஷன் என்றால் காப்பிதான், அதுவும் காய்ச்சாமல் வடிப்பது! வெந்நீரில் ஊறவைப்பதற்கு 'ஊறல்' என்று எழுதலாமே என்றால் அந்தச் சொல்லைச் சாராய வழக்குகள் பிடித்துக்கொண்டன. 'ஊறல் குடிநீர்' என்று சேர்த்து எழுதினால் தப்பிக்கலாம்.

குமரி மாவட்டத்தில் கஷாயம் என்ற சொல் மற்ற மாவட்டங்களைவிட ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. இது முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்து, 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நிலம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் தண்ணீரை மலையாளத்தில்போல் வெள்ளம் என்கிற வீடுகள் இன்றும் உண்டு. சித்தமும் வர்மமும் கேரள ஆயுர்வேதமும் ஒரே தெருவில் நடக்கும். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி, கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி. நோயாளி காலையில் ஒன்றுக்கும் அடுத்த வாரம் மற்றொன்றுக்கும் போவார்.

பாட்டில் கஷாயம் வற்றக் காய்ச்சிச் செறிவாக்கியது. கெடாமலிருக்கப் பதப்பொருளும் சேர்ந்திருக்கும். 15 மி.லி. எடுத்து அதைப்போல் மூன்று மடங்கு கொதித்து ஆறிய நீர், அதாவது 45 மி.லி., கலந்து குடிப்பது பொதுவான அளவு. ஆக மொத்தம் 60 மி.லி. சித்தப் பிரிவில் "60 மி.லி. கஷாயம் ரெண்டு நேரம்" என்று கேட்டுப் பழகியவர் வீட்டில் பாட்டிலிலிருந்தே 60 மி.லி. ஊற்றிக்கொண்டால் நாலு பங்கு மருந்து உள்ளே போய்விடும். வயிற்றெரிச்சல், பேதி என்று திரும்பி வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்தக் கஷாயம், எதிலேர்ந்து ஊத்தினீங்க?"

குடிநீர்ச் சூரணத்தில் வரும் பிழை வேறு மாதிரி. சூரணம் என்றால் சீலைத்துணியில் சலித்த நைஸ் தூள்; தேனிலோ வெந்நீரிலோ குழைத்து உண்பது. குடிநீர்ச் சூரணம் ஒன்றிரண்டாக இடித்த கொரகொரப்பான தூள். சக்கையை எறிந்துவிட வேண்டும். பொட்டலத்தில் 'சூரணம்' மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் தேனில் குழைத்து விழுங்குகிறார்கள், தொண்டையில் நார் சிக்குகிறது. தூளை நைசாக அரைத்துக் கொடுத்தாலும் தொல்லைதான். வடிக்கும் துணி அடைத்துக்கொள்ளும், கலங்கலே குடிக்க வேண்டிவரும்.

செய்முறைக்கு வருவோம். நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, எல்லாம் சம எடை: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்பாடகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. 2020 கொரோனாவில் பரவலான கபசுரக் குடிநீரில் பதினைந்து. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 5 கிராம் தூள், 240 மி.லி. தண்ணீர், நாலில் ஒன்றாக வற்றி 60 மி.லி. கெட்டியான வேரும் பட்டையும் மிகுந்த சரக்கானால் முந்தின இரவே ஊறப்போட வேண்டும். மண்பானை அல்லது எவர்சில்வர். இரும்புச்சட்டி கூடாது, டானினும் இரும்பும் சேர்ந்தால் கருத்து மையாகிவிடும், பழங்காலத்தில் கடுக்காய் மை செய்த வழியே அது. மூடிபோட்டால் வற்றாது. திறந்து வைத்துச் சிறுதீயில் காய்ச்சி, துணியில் வடித்து, சக்கையைப் பிழிந்துவிட வேண்டும். பிழியாவிட்டால் கணிசமான மருந்து சக்கையோடு போகும்.

"அரை மணி நேரம் கொதிக்க வையுங்க" என்று செவிலியரோ மருந்தாளுநரோ சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வாயகன்ற உருளியில் அரை மணியில் தீய்ந்தே போகும். குறுகிய பாத்திரத்தில் பாதிகூட வற்றாது. காலத்தைச் சொல்லாமல் அளவைச் சொல்ல வேண்டும். அதற்குக் குச்சி போதும். முதலில் 60 மி.லி. மட்டும் ஊற்றிக் குச்சியை நிமிர்த்தி நனைந்த இடத்தில் கீறிக்கொள்ள வேண்டும். பிறகு மீதி 180-ஐ ஊற்றித் தூளைப் போடலாம். நீர் கீறல்வரை இறங்கியதும் அடுப்பை அணைக்க வேண்டும். தூள் கொஞ்சம் இடம் பிடிக்கும், ஆனால் வீட்டுக்கு இந்தத் துல்லியம் போதும்.

முகாம்களில் கணக்கு பெரிதாகும். 100 பேருக்கு 500 கிராம் தூள், 24 லிட்டர் தண்ணீர், கிடைப்பது 6 லிட்டர். 18 லிட்டர் ஆவியாக வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் அடுப்பு எரிய வேண்டும். காலை ஒன்பதுக்கு வரிசை நின்றுவிடும் என்பதால் பாதியில் இறக்குவதும், கூட்டம் கூடினால் பச்சைத்தண்ணீர் கலந்து எட்டவைப்பதும் நடக்கிறது. அது மருந்தாக இராது, நிறமுள்ள தண்ணீர். விடியுமுன் அடுப்பு பற்றவைக்க ஆள் போட்டால் தீரும் காரியம் இது. மிஞ்சியதை மாலைக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. சித்த முறைப்படி குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், மூன்று மணி நேரம். குமரியின் வெக்கையில் அதைக் கறாராகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லை மாவட்டமென்பதால் சொற்சிக்கல் மூலிகைக்குள்ளும் புகுந்திருக்கிறது. மேலே சொன்ன பற்பாடகத்தைப் பாருங்கள். சித்தர் வழக்கில் அது, தாவரவியல் பெயரில் சொன்னால், மொல்லுகோ செர்வியானா. கேரளத்தார் பர்ப்படகம் என்பது ஓல்டன்லாண்டியா கோரிம்போசா. வடநாட்டுப் பர்ப்படம் ஃபுமேரியா. குடும்பமே வேறு வேறான மூன்று செடிகள். பிரமி என்று கேட்டால் ஒருவர் நீர்ப்பிரமியும் இன்னொருவர் வல்லாரையும் தருவர். ஆடாதோடைக்குத் தமிழகத்தில் பெரிய இலைச்செடி. கேரள வைத்தியம் விரும்புவது சிற்றாடலோடகம். நம்மூர்ச் சீந்தில் அங்கே சிற்றமிர்து, இதில் செடி ஒன்றே என்பதால் தொல்லையில்லை. மருந்துவாழ்மலையிலோ தோட்டத்திலோ எடுத்த சரக்கை ஆய்வு செய்கிறவர்கள் ஊர்ப்பெயரோடு நின்றுவிடாமல், பூவும் காயும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, எண்ணிட்டு, உலர்தாவரத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'நிலவேம்புக் குடிநீரில் இது இருந்தது' என்ற முடிவு எந்தக் குடிநீருக்கு என்றே தெரியாது.

மருத்துவமனைச் சேவைத்தரத்தை அளக்கும் ஆய்வாளர்களுக்கும் இந்தச் சொல் ஒரு பொறி. பரசுராமன், சைதாமல், பெர்ரி மூவரும் 1988-இல் தந்த சர்வ்குவால் அளவுகோலில் ஐந்து கூறுகள், 22 கூற்றுகள். அதைத் தமிழாக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வசதிகள் பகுதியில் 'குடிநீர் போதுமான அளவு கிடைக்கிறது' என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றலாம். சித்தப் பிரிவில் நிற்கும் நோயாளி அதை மருந்தென்று கொண்டு 'ஆம்' என்பார். குழாயில் தண்ணீர் வராமலேயே இருக்கலாம். அங்கே 'குடிக்கத் தண்ணீர்' என்று எழுதுங்கள். மருந்து என்றால் எப்போதும் அடைமொழியோடு: நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர். பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் 'மருந்துக் குடிநீர்' என்பது பொருந்தும். வாய்ப்பேச்சில் நோயாளி கஷாயம் என்றால் திருத்த வேண்டாம். எழுத்தில்தான் பிரித்துக்காட்ட வேண்டும்.

பொட்டலத்தில் அச்சிட இவ்வளவு போதும்: "நிலவேம்புக் குடிநீருக்கான தூள், 5 கிராம், ஒரு வேளைக்கு. தூளை உண்ணக் கூடாது. 240 மி.லி. தண்ணீரில் மூடாமல் காய்ச்சி 60 மி.லி. ஆனதும் வடித்து, மூன்று மணி நேரத்துக்குள் குடிக்கவும்." கரண்டிக் கணக்கு எழுதுவதில் பொருளில்லை, இடித்த பருமனுக்கேற்ப ஒரே கரண்டியில் எடை மாறும். 100 கிராம் பையைக் கொடுத்து அளவை வாயால் சொல்வதைவிட 5 கிராம் பொட்டலங்களாகப் பிரித்துக் கொடுப்பது மருந்தாளுநருக்கு முதல்நாள் மட்டும் வேலை கூட்டும்.