ஐந்தாம்படை: முதல் நான்கு படைகள் எவை?

அரசியல் பேசுகிற இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், "அவர் நம்ம ஆள் இல்லை, ஐந்தாம்படை" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு பேச்சில் நண்பர் ஒருவர் அந்தச் சொல்லுக்கு விளக்கமும் சொன்னார். தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படை, ஐந்தாவதாக ஒற்றர்கள், அதுதான் ஐந்தாம்படை. சுற்றியிருந்த எல்லாரும் தலையாட்டினோம். அவ்வளவு பொருத்தமாக இருந்தது. வெகுநாள் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் அது தவறு.

இந்தச் சொல்லுக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. பிறந்த நாடு ஸ்பெயின், பிறந்த ஆண்டு 1936. அந்த ஜூலையில் ராணுவத் தளபதிகள் சிலர் குடியரசு ஆட்சிக்கு எதிராகக் கிளம்பினார்கள். சில மாதங்களில் அவர்கள் படை தலைநகர் மத்ரித்தை நெருங்கியது. அந்தத் தளபதிகளில் ஒருவரான எமிலியோ மோலா, "நான்கு அணிகள் மத்ரித்தை நோக்கி வருகின்றன, ஐந்தாவது அணி ஏற்கெனவே நகருக்குள் இருக்கிறது" என்று சொன்னதாகப் பேச்சு. நகருக்குள் பதுங்கியிருக்கும் ஆதரவாளர்கள் நேரம் வரும்போது எழுவார்கள் என்பது அதன் பொருள்.

மோலா உண்மையிலேயே இதைச் சொன்னாரா? வரலாற்றுக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிற இடம் இது. வேறு தளபதிகளின் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. அச்சில் இந்தச் சொல்லை முதலில் பரப்பியவர்களில் முக்கியமானவர் எதிர்த்தரப்பின் கம்யூனிஸ்ட் தலைவர் டொலோரஸ் இபாருரி. 1936 அக்டோபர் தொடக்கத்தில் கட்சி நாளேட்டில், மோலா இப்படிச் சொல்கிறார், உள்ளே இருப்பவர்களைக் கவனியுங்கள் என்று அவர் எழுதினார். ஆக, எதிரி சொன்னதாக இந்தப் பக்கத்தார் சொன்ன சொல் இது. இன்றைக்கும் அதன் குணம் மாறவில்லை. "நான் ஐந்தாம்படை" என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்பவரை நான் பார்த்ததில்லை. எப்போதும் அடுத்தவர்மேல் ஒட்டுகிற சீட்டுதான் அது.

சீட்டு ஒட்டுவதோடு அது நின்றுவிடவில்லை. அந்த நவம்பரில் மத்ரித் முற்றுகைக்கு ஆளானபோது, சிறைகளில் இருந்தவர்கள் வெளியே வந்தால் எதிரியோடு சேர்ந்துகொள்வார்கள் என்ற பயம் பரவியது. குடியரசுத் தரப்பினர் கைதிகளைக் கூட்டங்கூட்டமாக வெளியே கொண்டுபோய், பாராகுவேயோஸ் என்ற ஊரிலும் அதன் அக்கம்பக்கத்திலும் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் 2,000 பேருக்கு மேல். மோலா சொன்ன ஐந்தாவது அணி எழுந்து நகரைப் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. மத்ரித் 1939 மார்ச் வரை தாக்குப்பிடித்தது. மோலா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1937-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் சொல் எல்லை தாண்டியது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்த அன்றே விட்குன் குவிஸ்லிங் வானொலியில் தன்னையே பிரதமராக அறிவித்துக்கொண்டார். அவர் பெயரே ஆங்கிலத்தில் துரோகிக்குப் பொதுப்பெயராகிவிட்டது. அந்தக் கலக்கத்தில் பிரிட்டன், தன் மண்ணில் இருந்த ஜெர்மானியர், ஆஸ்திரியர், இத்தாலியரை ஆயிரக்கணக்கில் பிடித்து அடைத்தது. அவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள்! அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட சில நாட்களில், ஹவாயில் பெரிய அளவில் ஐந்தாம்படை வேலை நடந்திருக்கிறது என்று கடற்படைத் துறைச் செயலர் பிராங்க் நாக்ஸ் பேட்டி கொடுத்தார். ஆதாரம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு, ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுவாசலை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்க 1988 ஆனது.

சரி, தமிழுக்கு வருவோம். ஸ்பானிய மூலச் சொல்லில் இருப்பது 'கொலும்னா', அதாவது 'அணி': நீள வரிசையாக நடந்து செல்லும் படைப்பிரிவு. அதே ஸ்பானியச் சொல்லுக்குத் தூண் என்றும், நாளேட்டின் பத்தி என்றும் பொருள் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஐந்தாம் அணி' என்றுதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அது தேர்தல் கூட்டணி மாதிரி ஒலிக்கிறது. 'படை' என்றதும் நம் காதில் நாற்படை ஏற்கெனவே நிற்கிறது; ஐந்தாவது தானாக வந்து வரிசையில் சேர்ந்துகொள்கிறது. தவறான பொருத்தம்தான், ஆனால் சொல் ஊன்றி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு நம்மிடம் சொந்தச் சொல் இல்லாமல் இல்லை. திருக்குறளின் 89-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'உட்பகை'. "உட்பகை அஞ்சித்தற் காக்க உலைவிடத்து மட்பகையின் மாணத் தெறும்" என்பது அதில் ஒரு குறள். மட்பகை என்றால் குயவர் மண்ணை அறுக்கும் கருவி. சக்கரத்தில் பானை முழுசாக நிற்கும். பார்க்க எந்தக் குறையும் தெரியாது. அடியில் அந்தக் கருவி ஒருமுறை ஓடினால் பானை தனியாக வந்துவிடும். ஐந்தாம்படைக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் உட்பகை என்பது பகையின் பெயர். ஐந்தாம்படை என்பது ஆட்களின் பெயர். உள்ளே ஆட்கள் இருக்க வேண்டும், வெளியே ஓர் எதிரி வந்துகொண்டிருக்க வேண்டும், இருவருக்கும் மறைவாகத் தொடர்பு இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது ஐந்தாம்படை. சொந்தக் கட்சி வேட்பாளரைக் கவிழ்ப்பவன் பார்ப்பது 'உள்ளடி வேலை'. தன் இனத்தை வெட்டவே பிறனுக்குப் பிடியாகிறவன் 'கோடரிக்காம்பு'. வேலைநிறுத்தத்தில் முதலாளி பக்கம் போகிறவன் 'கருங்காலி'. தலைமையைக் கேள்வி கேட்பவனுக்கு இந்தப் பெயர் எதுவும் பொருந்தாது. அவன் கேள்வி கேட்பவன், அவ்வளவுதான்.

'எட்டப்பன்' என்பதைக்கூட யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். அது ஒருவரின் பெயரல்ல, எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பெயர். அவர்கள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி பக்கம் வெளிப்படையாகவே நின்றவர்கள். கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்ததோ புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799-இல் கயத்தாற்றில் தூக்கு நடந்தது. பழிச்சொல் மட்டும் எட்டயபுரத்தில் தங்கிவிட்டது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கூடவே, படையை எண்ணித்தான் தீர வேண்டும் என்றால் பரிமேலழகர் ஆறு வகை சொல்கிறார் என்றேன்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. (கூலிப்படை மட்டும் இன்றைக்கும் நாளிதழில் தினம் வருகிறது.) அந்த வரிசையில் ஐந்தாவது, துணைக்கு வரும் படை. நண்பர் கொஞ்சம் யோசித்தார்.

"துணைப்படைன்னா கூட்டணிக் கட்சிதானே? அப்போ நான் சொன்னதுல என்ன தப்பு?"