பணம் கட்டும் முன் வாருங்கள்: இரண்டு நாளில் 'ஏற்றுக்கொள்ளும்' ஆய்வு மாநாடுகள் பற்றி

பிள்ளைகள் என்னிடம் வருவது மாநாட்டுக்குப் பணம் கட்டிய பிறகுதான். கட்டும் முன் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லியிருக்கலாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மின், மின்னணுப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குக் காசு தேடிக் கொடுக்கும் தாய் தகப்பனுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவர் கல்முனைப் பக்கத்துப் பிள்ளை, இறுதியாண்டு. ஈசிஜி சமிக்ஞையை வைத்து இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தைக் கண்டுபிடிக்கும் ப்ரொஜெக்ட் செய்திருந்தார். சுற்றுகளும் சமிக்ஞைச் செயலாக்கமும் பற்றிய சர்வதேச மாநாடு என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. வெள்ளி இரவு கட்டுரையை அனுப்பியிருக்கிறார், ஞாயிறு மாலையே ஏற்பு மடல் வந்துவிட்டது. ஐந்து நாளுக்குள் 350 டொலர் கட்ட வேண்டும். நம் காசில் ஒரு இலட்சத்தைத் தாண்டும். சேர்த்து வைத்த மஹாபொல உதவித்தொகைக் காசு போதாமல் உம்மாவின் காப்பு அடகுக்குப் போயிருக்கிறது. "அக்செப்ட் ஆகிட்டு சேர், இனி ஸ்கொலர்ஷிப்புக்குப் போடலாம்தானே?" என்று மிகுந்த சந்தோஷத்தோடு கேட்டார். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு முகத்தில் பார்த்து எனக்கு மனம் விட்டுப் போயிற்று.

ஏற்பு மடல் வந்தால் ஆய்வு தேறிவிட்டது என்று நினைக்கிறீர்கள். இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை. உங்கள் துறை தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசித்து, படங்களையும் சமன்பாடுகளையும் பார்த்து, "இந்த இடம் எனக்கு விளங்கவில்லை, இந்த முடிவுக்கு ஆதாரம் எங்கே" என்று எழுதினால்தான் அது மதிப்பாய்வு. அந்தக் குறிப்பு இல்லாத ஏற்பு மடல், விடைத்தாளைப் பிரிக்காமலே போட்ட புள்ளி. அதில் உங்கள் விடை சரியா பிழையா என்ற செய்தி எதுவுமே இல்லை. "எங்கள் நிபுணர் குழு உங்கள் கட்டுரையைப் பெரிதும் பாராட்டியது" என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பகுதியைப் பாராட்டியது, எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டது என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் இருக்காது. அந்த வரியை மீன்பிடி பற்றிய கட்டுரைக்கும் அப்படியே ஒட்டலாம்.

உண்மையான மாநாடு எவ்வளவு காலம் எடுக்கும்? ஒலி, பேச்சு, சமிக்ஞைச் செயலாக்கத்துக்கான ஐகாஸ்ப் மாநாடு 1976 முதல் நடக்கிறது. 2025 ஏப்ரலில் ஹைதராபாத்தில் நடந்ததற்குக் கட்டுரைகளை அனுப்பியது முந்தைய செப்டம்பரில், முடிவு வந்தது டிசம்பரில். சுற்றுகளுக்கும் முறைமைகளுக்குமான ஐஸ்காஸ் மாநாட்டிலும் மாதக் கணக்கில்தான் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் இடையில் உலகத்தில் எந்த மதிப்பாய்வாளரும் வேலையை முடிப்பதில்லை.

யாரும் வாசிக்கவில்லை என்பதற்குச் சாட்சி அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருந்தது. அவர் பயன்படுத்திய தரவு எம்ஐடி-பிஐஎச் தொகுப்பு, ஈசிஜி வேலை செய்யும் எல்லாருக்கும் தெரிந்தது. பொஸ்டனில் 1975க்கும் 1979க்கும் இடையில் 47 பேரிடம் எடுத்த, அரை மணித்தியாலப் பதிவுகள் 48. பிள்ளையின் இரண்டாவது படத்தில் மின் இரைச்சலை நீக்க, 50 ஹேர்ட்ஸை மட்டும் வெட்டும் நொட்ச் வடிகட்டி போட்டிருந்தது. நம் வீட்டுப் பிளக்கில் வருவது 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவில் 60. அந்தப் பதிவுகளில் உள்ள மின் இரைச்சலும் 60 ஹேர்ட்ஸ்தான். அதை எளிய வடிகட்டியால் நீக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் செக்கனுக்கு 360 மாதிரிகள் என்ற வீதத்தையே அந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் தெரிவு செய்தார்கள். அதாவது இந்தப் பிள்ளையின் வடிகட்டி இரைச்சலை விட்டுவிட்டு, 50 ஹேர்ட்ஸில் இருந்த சமிக்ஞையைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறது. எங்கிருந்தோ எடுத்த நிரலில் அப்படி இருந்திருக்கிறது, அவரும் விட்டுவிட்டார். இரண்டாம் ஆண்டில் சமிக்ஞைப் பாடம் எடுத்த எவரும் அந்தப் படத்தில் கண் வைத்தால் கேட்டிருப்பார்கள். 'நிபுணர் குழு' கேட்கவில்லை.

அடுத்த பிழை இதைவிடப் பெரிது, நம் பிள்ளைகள் பலர் செய்வது. 99 சதவீதத் துல்லியம் என்று சுருக்கத்தில் தடித்த எழுத்தில் போடுவார்கள். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட துடிப்புகளையும் ஒன்றாகக் கலக்கி, எண்பது சதவீதத்தை நிரலின் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் எடுத்தால் அப்படித்தான் வரும். ஒரே ஆளின் துடிப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. நிரல் கற்றுக்கொண்டது நோயை அல்ல, அந்த ஆளை. நாளைக்கு மட்டக்களப்பு வைத்தியசாலையில் புதிய நோயாளி ஒருவர் வந்து படுத்தால் அது என்ன சொல்லும் என்பதற்கு அந்த 99இல் பதில் இல்லை. 2004இல் டி சாசால் என்ற ஆய்வாளரின் குழுவினர் பேஸ்மேக்கர் வைத்தவர்களின் நான்கு பதிவுகளை விலக்கிவிட்டு, மீதி 44ஐ 22 பயிற்சிக்கு, 22 சோதனைக்கு என்று, ஒரே பதிவின் துடிப்பு இரண்டு பக்கமும் வராமல் பிரித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு இந்தத் தொகுப்பில் வேலை செய்பவர் அந்தப் பிரிப்பைப் பார்க்காமல் எழுதக் கூடாது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 44 பதிவுகளில் பத்தில் ஒன்பது துடிப்பு அளவில் வழமையான வகையைச் சேர்ந்தது. எல்லாவற்றையும் 'நோர்மல்' என்று கண்ணை மூடிச் சொல்லும் நிரலுக்கும் 90க்கு அண்மித்த துல்லியம் கிடைக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக உணர்திறனை, அதாவது அந்த வகைத் துடிப்புகளில் எத்தனை சதவீதத்தை நிரல் சரியாகப் பிடித்தது என்பதை, போடுங்கள். எண் குறையும். குறையட்டும், அதுதான் ஆய்வு.

இனி ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE) என்ற பெயர், மின், மின்னணுப் பொறியியலாளர்களின் உலகளாவிய சங்கம். மின்னஞ்சலில் அந்த இலச்சினையைக் கண்டவுடன் பிள்ளைகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். படத்தை எவரும் வெட்டி ஒட்டலாம். "ஐ-ட்ரிபிள்-ஈ எக்ஸ்ப்ளோருக்குச் சமர்ப்பிக்கப்படும்" என்று எழுதியிருந்தால் அந்த இணையக் கட்டுரைக் களஞ்சியத்துக்குச் சமர்ப்பிப்பது வேறு, அங்கே ஏறுவது வேறு. ஐ-ட்ரிபிள்-ஈயின் சொந்த இணையத்தளத்தில் மாநாடுகளைத் தேடும் பக்கம் இருக்கிறது. மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நீங்களே தேடிப் போய்ப் பெயர், திகதி, ஊர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிரபலமான மாநாட்டின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள், அதனால் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரில் அதே மாநாட்டின் போன வருடக் கட்டுரைகளைத் திறந்து இரண்டை வாசியுங்கள். உங்கள் மேற்பார்வையாளர் அந்தக் கட்டுரைகளை மதிப்பாரா என்று யோசியுங்கள்.

பெயர் உண்மையாக இருந்தாலும் வாசிக்காமல் விடமுடியாது. 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் மூவர், பொருளே இல்லாத கணினியியல் கட்டுரைகளைத் தானாக எழுதும் நிரல் ஒன்றைச் செய்து, அது எழுதியதை ஒரு மாநாட்டுக்கு அனுப்பி ஏற்பும் வாங்கிக் காட்டினார்கள். அதே நிரல் எழுதிய கட்டுரைகள் பல, பெரிய பதிப்பகங்களின் தொகுப்புகளுக்குள்ளும் புகுந்திருந்ததைப் பிரான்ஸைச் சேர்ந்த சிரில் லபே கண்டுபிடித்தார். 2014இல் ஸ்பிரிங்கரும் ஐ-ட்ரிபிள்-ஈயும் 120க்கு மேற்பட்டவற்றை நீக்க வேண்டி வந்தது.

டிஓஐ எண் இருக்கிறது, ஐஎஸ்பிஎன் இருக்கிறது, கூகிள் ஸ்கொலரில் வரும் என்பதெல்லாம் தரத்துக்குச் சான்று இல்லை. டிஓஐ ஒரு அடையாள எண். ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெறுவது, கோயில் கும்பாபிஷேக மலருக்கும் வாங்கலாம். ஸ்கொலர் கண்ணில் பட்டதை எல்லாம் சேர்க்கும் தேடுபொறி. ஆய்வுக் கட்டுரைகளைத் தெரிந்தெடுத்துப் பட்டியலிடும் ஸ்கோபஸில் வரும் என்று சொன்னால், ஸ்கோபஸின் மூலப் பட்டியலில் அந்தத் தொடர் இப்போதும் இருக்கிறதா, நிறுத்தப்பட்டதா என்று பாருங்கள்.

பணம் போனால் உழைத்துச் சேர்க்கலாம். எனக்கு அதைவிட வலிப்பது ஆய்வு போவது. அங்கே ஒருமுறை வெளியிட்டுவிட்டால், பிழைகளைத் திருத்தி நல்ல இடத்துக்கு அனுப்ப நினைக்கும்போது 'ஏற்கெனவே வெளியானது' என்று கதவு மூடும். உரைப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் உங்கள் சொந்தக் கட்டுரையையே பிடித்துக் கொடுக்கும். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால் அது இன்னும் சிக்கல். கடற்கரையோரத்து வெக்கையில், கரண்ட் போய் வரும் வீட்டில், ஒரு வருடம் செய்த வேலை அப்படி முடியக் கூடாது.

அனுப்பத் தகுந்த இடங்கள் கிட்டவே இருக்கின்றன. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் 2015 முதல் நடத்தும் மேர்க்கோன் மாநாடு, ஐ-ட்ரிபிள்-ஈ இலங்கைப் பிரிவின் ஆதரவோடு நடப்பது. நம் பிள்ளைகள் இரவு பஸ்ஸில் ஏறினால் விடிய அங்கே நிற்கலாம், விசாவும் வேண்டாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தன் சர்வதேச ஆய்வரங்கை நடத்துகிறது. முதல் கட்டுரைக்கு அது நல்ல மேடை. நிராகரித்தாலும் குறிப்பு எழுதி நிராகரிப்பார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துத் திருத்திய இரண்டாவது வரைவு எப்போதும் முதலாவதைவிட மேல். நிராகரிப்புக்குப் பயந்துதான் பிள்ளைகள் இரண்டு நாள் மாநாட்டில் போய் விழுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து பயப்படாதீர்கள்.

அனுப்பும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள், பிடிபட்டால் இரண்டும் போகும். மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் அவர் பெயரைப் போடாதீர்கள். வேலை செய்யாத நண்பனின் பெயரையும் போடாதீர்கள், அன்பளிப்பாகக் கொடுக்கும் பொருள் இல்லை அது. உருவகப்படுத்திய சுற்றின் வரைபடத்தை அளந்த வரைபடம் போல எழுதாதீர்கள். எல்டிஸ்பைஸ் என்ற உருவகப்படுத்தும் மென்பொருளில் ஓடியது என்றால் அப்படியே சொல்லுங்கள், பலகையில் பொருத்தி அலைகாட்டியில் பார்த்தது என்றால் அந்தப் படத்தையும் வையுங்கள். ஈசிஜி எடுக்கும் ஏடி8232 பலகையை வாங்கி அறை நண்பர்களின் நெஞ்சில் ஒட்டிப் பதிவு எடுக்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி எடுங்கள். பிறகு எடுக்கிறேன் என்றால் ஏற்கமாட்டார்கள். சட்ஜிபிடி கொடுத்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், இல்லாத கட்டுரைகள் அதில் வரும். அதை வைத்து எழுதிய பகுதி இருந்தால் நன்றியுரையில் சொல்ல வேண்டும் என்பது ஐ-ட்ரிபிள்-ஈயின் விதி. ஏற்றுக்கொண்ட பின் போகாமல் விட்டால் கட்டுரையை எக்ஸ்ப்ளோரில் சேர்க்காமல் விட அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் பயணச் செலவுக்கு வழி பார்த்த பிறகு அனுப்புங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பதிப்புரிமைப் படிவம் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். கட்டுரையை மீளப் பெறுகிறேன், வெளியிட வேண்டாம் என்று இன்றைக்கே எழுத்தில் அனுப்பி, பிரதியை மேற்பார்வையாளருக்கும் போடுங்கள். மீளப் பெறுவதற்கும் கட்டணம் கேட்பார்கள், அதைக் கட்டாதீர்கள். வங்கி அட்டையில் கட்டியிருந்தால் வங்கிக் கிளைக்குப் போய், கொடுக்கல் வாங்கலுக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் படிவத்தைக் கேளுங்கள். நாள் தள்ளத் தள்ள வாய்ப்புக் குறையும். அந்த மின்னஞ்சல்கள் எதையும் அழிக்காமல், அச்சடித்து ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு உங்கள் துறையில் உங்களுக்குப் பழக்கமான விரிவுரையாளரிடம் போங்கள்.