சர்வரில் இடம் தீர்ந்தால் எதை அழிக்கக் கூடாது?

ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்தால் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவது நீலகிரிக்காரர்களுக்குப் புதிதல்ல. பஸ் நிற்கும், மலை ரயில் நிற்கும், ஃபைபர் கேபிள் அறுந்தால் இன்டர்நெட்டும் நிற்கும். இது நடந்து இரண்டு மூன்று நாள் கழித்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சைத் தேயிலை எடையைப் பதியும் கம்ப்யூட்டரும் நின்றுபோகலாம். அதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை, சர்வர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் நிற்கிறது?

இலவசமாகக் கிடைப்பதால் பலரும் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் கொண்டுவந்த 42 கிலோ இலையைப் பதிந்து ‘சேவ்’ கொடுத்ததும் அந்த வரி நேராக டேபிளின் கோப்புக்குப் போய்விடுவதில்லை. டேபிள் என்பது டிஸ்க்கில் 8 கேபி பக்கங்களாகக் கிடப்பது. ஒவ்வொரு எடைக்கும் அங்கங்கே இருக்கும் பக்கங்களைத் தேடிப்போய் எழுதினால் வேலை ஓடாது. அதனால் பக்கத்தை மெமரியில் மட்டும் திருத்திவிட்டு, என்ன மாறியது என்ற குறிப்பை ‘வால்’ (WAL, ‘ரைட்-அஹெட் லாக்’ என்பதன் சுருக்கம்; முன்கூட்டியே எழுதும் பதிவேடு) என்கிற கோப்பின் கடைசியில் எழுதுகிறது. குறிப்பு டிஸ்க்கில் உறுதியாகப் பதிந்த பிறகுதான் ‘பதிந்தாயிற்று’ என்று பதில் வரும். பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு: முதலில் குறிப்பேடு, அப்புறம்தான் பேரேடு.

மெமரியில் திருத்திய பக்கங்களை டேபிள் கோப்புக்கு இறக்கி முடிக்கும் வேலைக்கு செக்பாயின்ட் என்று பெயர். மாற்றாமல் விட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஆக, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் டேபிள் கோப்பு எப்போதும் கொஞ்சம் பழசு. கடைசி சில நிமிட உண்மை முழுவதும் வால் கோப்பில்தான் இருக்கிறது.

காற்றில் மரம் சாய்ந்து கரன்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டால்கூடப் பதிந்த எடை தொலையாமல் இருப்பது இதனால்தான். கரன்ட் வந்ததும் கடைசி செக்பாயின்டிலிருந்து வால் கோப்பை வரிவரியாக மறுபடி நடத்திப் பார்த்து டேபிளைச் சரிசெய்துகொள்கிறது. இந்தத் துறையில் பலரும் பின்பற்றிய ‘ஏரீஸ்’ முறையை 1992-ல் வெளியிட்ட ஐபிஎம் குழுவுக்கு முன்னின்றவர், சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன். போஸ்ட்கிரெஸ் தன் வழியில் வால் கோப்பைக் கொண்டுவந்தது 2001-ல், 7.1 பதிப்பில்.

சரி, மண்சரிவுக்கு வருவோம். வால் கோப்பு ஒவ்வொன்றும் 16 எம்பி. செக்பாயின்ட் தாண்டியதும் பழையவற்றை போஸ்ட்கிரெஸே அழிக்கும் அல்லது மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் கோவையில் ஒரு நகல் சர்வர் இருந்து, அதற்காக இங்கே ஒரு ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’ போட்டிருந்தால் கதை வேறு. நகல் இன்னும் வாங்கிக்கொள்ளாத எந்தக் கோப்பையும் அழிக்கமாட்டேன் என்று மெயின் சர்வர் கொடுத்திருக்கும் வாக்கு அது. கேபிள் அறுந்தால் நகலால் எதையும் வாங்கிக்கொள்ள முடியாது. மெயின் சர்வரும் வாக்கை மீறுவதில்லை, கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும்.

சின்ன ஃபேக்டரியில் எவ்வளவு சேர்ந்துவிடும் என்று தோன்றும். நிரம்பாத வால் கோப்பையும் இத்தனை நேரத்தில் மூடு என்று சொல்லும் ‘ஆர்க்கைவ் டைம்அவுட்’ அமைப்பை ஒரு நிமிடம் என்று வைத்திருந்தால், அந்த நிமிடத்தில் ஒரே ஒரு எடை விழுந்தாலும் அந்தக் கோப்பை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும். உள்ளே எவ்வளவு இருந்தாலும் கோப்பு 16 எம்பிதான். ஒரு மணி நேரத்துக்கு 960 எம்பி. பத்து மணி நேரம் எடை போட்டால் 9.6 ஜிபி. மூன்றாம் நாள் டிஸ்க் நிரம்பி, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று சொல்லி சர்வர் படுத்துவிடும். வெளியே இலை வண்டிகள் வரிசையில் நிற்கும்.

இந்த அவசரத்தில்தான் அந்தப் பாவம் நடக்கிறது. எதில் இடம் போயிற்று என்று பார்த்தால் வால் கோப்புகளின் ஃபோல்டர் முதலிடத்தில் இருக்கும். முன்பு அதன் பெயர் ‘பிஜி_எக்ஸ்லாக்’. பெயரில் லாக் இருக்கிறதே, பழைய குப்பைதானே என்று எத்தனையோ பேர் அழித்துத் தள்ளியதால், 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில் அதை ‘பிஜி_வால்’ என்று மாற்றவே வேண்டியதாயிற்று. அழித்தபின் சர்வர் எழாது. செக்பாயின்ட் பதிவைக் காணோம் என்று நின்றுவிடும். ‘ரீசெட்வால்’ கருவியைக் கொண்டு வலுக்கட்டாயமாக எழுப்பலாம். ஆனால் பாதி இறங்கிய பரிவர்த்தனைகளும் இல்லாத வரியைக் காட்டும் இன்டெக்ஸும் உள்ளே இருக்கும், எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் அந்தக் கணக்கை வைத்து விவசாயிகளுக்கு எப்படிப் பணம் பட்டுவாடா செய்வது?

அதே டிஸ்க்கில் வேறு எதையாவது அழிக்க வேண்டும். பழைய பேக்கப்பை வேறிடத்துக்கு நகர்த்தலாம். சர்வர் எழுதும் எழுத்துவடிவ லாக் கோப்புகள் உண்மையிலேயே அழிக்கக்கூடியவை. ஒரு ஜிபி கிடைத்தாலே சர்வர் பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்ததும் ஸ்லாட்டுகளின் பட்டியலைப் பார்த்து, செயலற்றது என்று காட்டும் கோவை ஸ்லாட்டை நீக்கி, கையால் ஒரு செக்பாயின்ட் கொடுத்தால், தேங்கிய கோப்புகளை போஸ்ட்கிரெஸே ஒழுங்காக அழித்துவிடும். ஸ்லாட்டே இல்லாமல் தேங்கியிருந்தால், முடிந்த வால் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவும். நகலெடுக்கும் யுஎஸ்பி டிஸ்க் கழன்றிருப்பதுகூடக் காரணமாகலாம்.

13-ஆம் பதிப்பிலிருந்து ஒரு ஸ்லாட் அதிகபட்சம் எவ்வளவு பிடித்துவைக்கலாம் என்று வரம்பு போட முடிகிறது. நாமாகப் போடாவிட்டால் வரம்பே கிடையாது. வரம்பைத் தாண்டினால் கோவை நகல் செல்லாமல் போய், முழுசாக மறுபடி எடுக்க வேண்டும்; மலைமேல் கிடைக்கிற லைனில் அது ஒரு ராத்திரி வேலை. இருந்தாலும் எடைக்கூடம் நிற்பதைவிட நகல் போவது மேல் என்பது என் கட்சி. அதோடு, வேறு எதற்கும் பயன்படாத ஒரு ஜிபி கோப்பை அதே டிஸ்க்கில் சும்மா போட்டுவைப்பதும் உண்டு, அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க.