குற்றப்பகர்வு: இண்டைட்மெண்டுக்கு இருக்கும் சொல்லை ஏன் விடவேண்டும்?

அமெரிக்காவில் யார் மீதாவது இண்டைட்மெண்ட் (indictment: வழக்கைத் தொடங்கிவைக்கும் முறையான குற்றச்சாட்டுத் தாள்) வந்தால் போதும், தமிழில் 'குற்றவாளி என அறிவிக்கப்பட்டார்' என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் விசாரணையே தொடங்கவில்லை ஐயா! டிரம்ப் வழக்கையே பாருங்கள். மன்ஹாட்டன் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்கு நடத்தலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, அவர் மீது இண்டைட்மெண்டுக்கு வாக்களித்தது 2023 மார்ச் 30. வேறு 12 ஜூரிகள் சாட்சியங்களைக் கேட்டு, 34 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று ஒருமனதாகச் சொன்னது 2024 மே 30. முதல் தேதியிலேயே குற்றவாளி ஆக்கிவிட்டால் இரண்டாம் தேதிக்கு என்ன எழுதுவது?

சொல்லின் வேர் இலத்தீன் 'டிக்டாரே': எடுத்துரைத்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எழுத்தில் உள்ள 'சி' பின்னாளில் பண்டிதர்கள் செருகியது, உச்சரிப்பில் கிடையாது. 'இண்டிக்ட்மெண்ட்' என்று எழுதாதீர்கள்.

'குற்றவாளி' என்பது வெறும் கவனக்குறைவு. என் சண்டை 'குற்றப்பத்திரிகை'யோடுதான். நம் ஊரில் அது புலனாய்வை முடித்துவிட்டுக் காவல்துறை தாக்கல் செய்யும் தாள். இண்டைட்மெண்டைக் கொடுப்பது போலீஸ் அல்ல, பொதுமக்கள். கூட்டாட்சி வழக்குகளில் 16 முதல் 23 பேர் கொண்ட கிராண்ட் ஜூரி ரகசியமாகக் கூடும். அரசு வழக்கறிஞர் ஆதாரங்களை வைப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த அறையில் இடமில்லை. வழக்கு நடத்தப் போதிய முகாந்திரம் உண்டு என்று 12 பேராவது ஒப்பினால் இண்டைட்மெண்ட். பெருங்குற்றங்களுக்கு இப்படி மக்கள் ஒப்பிய பிறகுதான் அரசு வழக்கு நடத்தலாம் என்பது 1791-இல் நிறைவேறிய ஐந்தாம் சட்டத்திருத்தம் தந்த உரிமை. 'குற்றப்பத்திரிகை' என்று எழுதியதும் அந்த உரிமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

"எல்லாம் ஒன்றுதானே, வாசகருக்குப் புரிந்தால் சரி" என்பார்கள். ஒன்றில்லை. கிராண்ட் ஜூரியிடம் போகாமல் அரசு வழக்கறிஞரே கையெழுத்திட்டுத் தாக்கல் செய்யும் தாளும் அங்கே உண்டு. அதன் பெயர் இன்ஃபர்மேஷன். ஐந்தாம் திருத்தத்தின் இந்தப் பகுதி மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1884-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், கலிபோர்னியாவில் பெரும்பாலான பெரிய வழக்குகள் அந்தத் தாளில்தான் நடக்கின்றன. கூட்டாட்சி நீதிமன்றத்திலும், குற்றத்தை ஒப்புக்கொள்ளப் பேரம் பேசியவர் 'இண்டைட்மெண்ட் வேண்டாம்' என்று எழுதிக்கொடுத்துவிட்டு இன்ஃபர்மேஷனை ஏற்பதுண்டு. இரண்டுக்கும் 'குற்றப்பத்திரிகை' என்றே பெயர் வைத்தால் இந்த வாக்கியத்தை எப்படித் தமிழில் எழுதுவீர்கள்? 'குற்றச்சாட்டு' இன்னும் மோசம். 34 குற்றச்சாட்டுகள் அடங்கிய குற்றச்சாட்டாம்!

புதுச்சொல் ஆக்க ஆளும் தேவையில்லை, குழுவும் தேவையில்லை. இலங்கையில் சட்டமா அதிபர் (அட்டர்னி ஜெனரல்) மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் இண்டைட்மெண்டுக்குக் 'குற்றப்பகர்வு' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. பகர்தல் என்றால் எடுத்துச் சொல்லுதல். இலத்தீன் வேரும் அதையேதான் சொல்கிறது. அங்கே கிராண்ட் ஜூரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் போலீஸ் தாள் வேறு, வழக்கைத் தொடங்கிவைக்கும் இந்தத் தாள் வேறு என்ற பிரிவினை அங்கே சொல்லிலேயே இருக்கிறது. அது போதும். தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லையே என்றால், நான்கு முறை அச்சில் பார்த்தால் பழகிவிடும்.

இலங்கைப் பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை: அடிக்கடி அது 'குற்றப்பகிர்வு' என்று அச்சாகிறது. குற்றத்தை ஆளுக்குக் கொஞ்சம் பங்குபோட்டுக் கொடுக்கிறார்களா என்ன?

கிராண்ட் ஜூரியைப் 'பெரிய நீதிபதிகள் குழு' ஆக்கும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அதில் ஒரு நீதிபதிகூட உறுப்பினர் இல்லை. விசாரணை ஜூரியைவிடத் தலை எண்ணிக்கை கூடுதல், அதனால் 'கிராண்ட்'. நல்ல சொல் கிடைக்கும்வரை கிராண்ட் ஜூரி என்றே எழுதிவிட்டுப் போங்கள்.