உருட்டலும் வேண்டாம், வெளியீடும் வேண்டாம்

"மின்சாரக் கார்களுக்கான புதிய மென்பொருள் உலகெங்கும் உருட்டப்பட்டு வருகிறது." போன வாரம் ஒரு செய்தியில் படித்த வரி இது. இந்த மாதத்தில் என் கண்ணில் பட்ட நான்காவது உருட்டல். கல்லூரியில் படிக்கிற யாரிடமாவது இதைக் காட்டிப் பாருங்கள், "சும்மா உருட்டுறாங்க சார்" என்றுதான் பொருள் சொல்வார்கள். இன்றைய பேச்சில் உருட்டு என்றால் கூசாமல் புளுகுவது. கார் கம்பெனிகளின் வாக்குறுதிகளை நினைத்தால் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் எழுதியவர் அதை நினைத்து எழுதவில்லை.

உருட்டல் என்பது ஆங்கில 'ரோல்அவுட்'டின் நேர் பெயர்ப்பு. அந்த ஆங்கிலச் சொல் விமானத் தொழிலிலிருந்து வந்தது. புதிதாகக் கட்டிய விமானத்தைக் கொட்டகையிலிருந்து சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்து ஊருக்குக் காட்டுவார்கள். அங்கிருந்து எந்தப் புதுச் சரக்கையும் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு அந்தச் சொல் ஆனது. மென்பொருளுக்குச் சக்கரம் கிடையாது. கதை அவ்வளவுதான்.

உருட்டலைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உடனே கையில் எடுப்பது 'வெளியீடு'. என் சண்டை இதனோடுதான். டெக்சாசில் இருக்கும் மைத்துனன் ஒரு நாள் கேட்டான்: "மாமா, உங்க தமிழ் செய்தியில மென்பொருள் வெளியாகிவிட்டதுன்னு போட்டிருக்கு. என் வண்டிக்கு மூணு வாரமா ஒண்ணும் வரலியே, வண்டியில ஏதாவது கோளாறா?" கோளாறு வண்டியில் இல்லை, சொல்லில் இருந்தது. வெளியீடு என்பது ஒரு நாள் நிகழ்ச்சி. நூல் வெளியீட்டு விழா முடிந்தால் காசு வைத்திருக்கிற யாரும் அன்றைக்கே நூலை வாங்கிக்கொள்ளலாம். காருக்கு மென்பொருள் அப்படி வருவதில்லை.

எப்படி வருகிறது? பெரும்பாலும் முதலில் கம்பெனி ஆட்களின் வண்டிகளுக்கு. பிறகு சோதனைக்குச் சம்மதித்த சிலருக்கு. அதன் பிறகு வெளியே ஒரு சிறு பங்குக்கு. அந்த வண்டிகளிலிருந்து வரும் தகவல்களைப் பார்த்துவிட்டு மெல்ல மெல்ல மற்றவர்களுக்கு. எந்த நாடு, உள்ளே எந்தக் கணினி, வண்டி வைஃபையில் நிற்கிறதா என்பதெல்லாம் வரிசையை மாற்றும். டெஸ்லா திரையில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு தேர்வு உண்டு. அதை அழுத்தியவர்களுக்குச் சற்று முன்னதாக வரும்.

சில நேரம் வரிசை கட்-ஆஃப் மதிப்பெண்ணாகவே ஆகிவிடும். 2021 அக்டோபரில் டெஸ்லா தன் தானோட்டச் சோதனை மென்பொருளை, ஓட்டும் பாங்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கிய ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு முதலில் கொடுத்தது. மற்றவர்கள் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் மாணவர்களைப் போல மதிப்பெண் இறங்கக் காத்திருந்தார்கள். அதே மாதக் கடைசியில் வந்த அடுத்த பதிப்பு, எதிரே ஒன்றும் இல்லாதபோதே மோதல் எச்சரிக்கை அடிக்க, அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அமெரிக்கப் பதிவேட்டில் அது 11,704 வண்டிகளின் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது. எல்லாருக்கும் ஒரே நாளில் போயிருந்தால் அந்த எண் எங்கே போய் நின்றிருக்கும்! ரிவியன் என்ற இன்னொரு அமெரிக்க மின்சாரக் கார் கம்பெனி 2023 நவம்பரில் தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு (மென்பொருள் அசல்தானா என்று வண்டி சரிபார்க்கும் மின் முத்திரை) கூடிய பதிப்பை அனுப்பிவிட்டது. வாங்கிய வண்டிகளில் திரைகள் வேலை செய்யவில்லை. வண்டி ஓடியது, வேகம் எவ்வளவு என்று திரையில் தெரியவில்லை. பாதியில் நிறுத்தியதால் சேதம் ஒரு பகுதியோடு போயிற்று.

இந்த முதல் சிறு கூட்டத்துக்குக் கொடுப்பதை 'கேனரி வெளியீடு' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டன் சுரங்கத்தில் நச்சுக்காற்றைக் கண்டுபிடிக்கக் கூண்டில் கொண்டுபோன மஞ்சள் குருவி அது. நம் வீட்டில் யார் குருவி கொண்டுபோனார்கள்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பதம் பார்த்தல் என்று சொன்னால் பாட்டிக்கும் புரியும். முதலில் வாங்குகிறவர் சலுகை பெற்றவரா, பானையிலிருந்து எடுத்து நசுக்கப்படும் சோறா என்ற சந்தேகமும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'முன்னுரிமை' என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது.

சரி, முழு நடைமுறைக்கு? 'கட்டம் கட்டமாக' என்கிறார்கள் சிலர். தேர்தல் கட்டங்களுக்கு நாள் முன்கூட்டியே தெரியும், இதில் தெரியாது. தவிர, கட்சிப் பேச்சில் கட்டம் கட்டுவது என்றால் ஆளை ஓரங்கட்டுவது. 'தவணை' இன்னும் தப்பு. தவணையில் ஒரே ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இங்கே ஒவ்வொருவருக்கும் முழுதாக வருகிறது, நாள்தான் வேறு.

இதற்கான சொல் வாய்க்கால் கரையில் கிடக்கிறது. கல்லணைக்குக் கீழே, இப்போது ஒரு பகுதிக்கு, அடுத்து இன்னொரு பகுதிக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்ததே முறைக்காகத்தான். எனவே முறைவிடல். வினையாக: முறை வைத்து விடுகிறார்கள். 'முறை' என்றால் உறவுமுறை, வழிமுறை, மூன்று முறை என்று ஆயிரம் பொருள் இருக்கிறதே என்று ஒரு நண்பர் மறுத்தார். இருக்கட்டும். 'படி'க்கு எத்தனை பொருள்? யாராவது மாடிப்படியில் ஏறாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்களா?

இன்னொரு லாபமும் உண்டு. முறை என்று சொன்னால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையும் கடைசியில் பாயும் கடைமடையும் கூடவே வந்துவிடும். டெஸ்லாவின் பழைய 'ஹார்டுவேர் 3' கணினி உள்ள வண்டிகளுக்கு, 2024 கடைசியில் வந்த தானோட்டப் பதிப்பு 13 போகவில்லை, புதிய கணினிக்காரர்களுக்கு மட்டும்தான் பாய்ந்தது. தானோட்டத்துக்குக் காசு முன்பே கட்டியவர்கள் பழைய கணினிக்காரர்களிலும் நிறைய. இதை 'பொருந்தாத சாதனங்கள்' என்று மொழிபெயர்த்தால் குற்றம் வண்டிமேல் விழுகிறது. கடைமடை என்றால் மதகு யார் கையில் என்ற கேள்வி வரும்.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லி முடியாது, ஒரு மணி நேரத்தில் பத்துச் செய்தி கேட்கிறார்கள். ஆனாலும் ஒரு வரியை வாய்விட்டுப் படித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? போன ஞாயிறு மைத்துனனைக் கேட்டேன், மென்பொருள் வந்ததா என்று. "எங்க ஏரியாவுல ஆரம்பிச்சுட்டாங்க மாமா, என் முறை இன்னும் வரல" என்றான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.