பாப்புலிசம்: ரயிலில் பிறந்த ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

அமெரிக்கக் கட்சிகளின் பெயர்களைத் தமிழில் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, அப்புறம் 1890களில் கிளம்பிய மக்கள் கட்சி. குடி, ஜனம், மக்கள் மூன்றும் ஒரே ஆட்கள்தான். ஏற்கெனவே இரண்டு கட்சிகள் மக்களைப் பெயரில் வைத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக ஒன்று அதே பெயரோடு ஏன் வந்தது? பாப்புலிசம் என்ற சொல்லின் பொருள் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

தமிழில் இதை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பட்ஜெட் சமயத்தில் ‘கவர்ச்சித் திட்டம்’ என்பார்கள். வெளிநாட்டுத் தேர்தல் செய்தியில் அதுவே ‘ஜனரஞ்சகவாதம்’ ஆகிவிடும். சிற்றிதழ்ப் பக்கம் போனால் ‘வெகுஜனவாதம்’, ‘மக்கள்வாதம்’. எது பொருந்தும் என்று பார்க்க, சொல் பிறந்த ஊருக்குப் போய் வருவது நல்லது.

வேர், மக்கள் என்று பொருள்படும் ‘பாப்புலுஸ்’ என்ற இலத்தீன் சொல். பழைய ரோமில் மக்கள் மன்றத்தின் பலத்தில் அரசியல் செய்தவர்களுக்கு ‘பாப்புலாரெஸ்’ என்று பெயர் இருந்தது. ஆனால் நம் சொல் ரோமிலிருந்து நேராக இறங்கி வரவில்லை. 1890 ஜூனில் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் கூடி மக்கள் கட்சியைத் தொடங்கினார்கள். கட்சிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, கட்சிக்காரருக்குக் கிடைக்கவில்லை. ஒரு கட்சியில் இருப்பவர் ‘ரிபப்ளிகன்’, இன்னொன்றில் இருப்பவர் ‘டெமாக்ரட்’, சரி. ‘பீப்பிள்ஸ் பார்ட்டி’யில் இருப்பவரை ஆங்கிலத்தில் என்னவென்று கூப்பிடுவது? 1891-இல் கான்சாஸ் சிட்டிக்கும் டொபீகாவுக்கும் நடுவே ஓடிய ரயிலில் இந்தப் பேச்சு வந்தபோது, உடன் பயணித்த டேவிட் ஓவர்மையர் என்ற வழக்கறிஞர் ‘பாப்புலிஸ்ட்’ என்று எடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அவரோ ஜனநாயகக் கட்சிக்காரர். பெயர் வைத்தது எதிர்முகாம்! எதிர்ப்பத்திரிகைகள் அதையும் வெட்டி ‘பாப்’ என்று கேலி செய்தன.

கேலிக்குப் பஞ்சமே இல்லை. ஜெர்ரி சிம்ப்சன் என்ற கான்சாஸ் வேட்பாளர், தன்னை எதிர்த்து நின்றவரின் பட்டுக் காலுறையை மேடையில் கிண்டலடித்தார். உடனே பத்திரிகைகள் அவருக்குக் ‘காலுறை இல்லாத ஜெர்ரி’ என்று பட்டம் கட்டின. மனிதர் அதையே தன் விளம்பரமாக்கிக்கொண்டு ஜெயித்தார். 1890 தேர்தலில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் கான்சாஸுக்கு இருந்த 7 இடங்களில் 5 இந்தப் புதுக் கட்சிக்குப் போயின.

இத்தனை கோபம் எங்கிருந்து வந்தது? முதல் காரணம் பணம் சுருங்கியது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆட்களும் விளைச்சலும் பெருகின, புழங்கும் பணம் அந்த வேகத்தில் பெருகவில்லை. 1873-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளி டாலர் அடிப்பதையும் நிறுத்தியது. விளைபொருள் விலை ஆண்டுக்காண்டு இறங்கியது. கோதுமை ஒரு புஷல் (ஏறக்குறைய 27 கிலோ) 1 டாலர் விற்றபோது ஒருவர் 1,000 டாலர் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 1,000 புஷல் கடன்பட்டார். 1890களின் நடுவில் கோதுமை அரை டாலருக்கு வந்துவிட்டது. அதே கடன் இப்போது 2,000 புஷல். கடன் பத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, கடன் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. கான்சாஸில் 1889-90 குளிர்காலத்தில் மக்காச்சோளம் விற்ற விலை ரயில் கூலிக்கே காணாமல் போனதால், நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். ரயில் கம்பெனி சொன்னதுதான் கூலி, வேறு வண்டி கிடையாது.

தெற்கில் கதை வேறு. ஜார்ஜியாவில் ஒரு பருத்தி விவசாயி விதைப்பதற்கு முன்பே ஊர்க் கடைக்காரரிடம் வரப்போகும் பருத்தியை ஈடு எழுதிக் கொடுத்துவிடுவார். அதன் பேரில் மாவு, பன்றிக்கறி, உரம், செருப்பு எல்லாம் பற்றில் வரும். கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை: ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. இவருக்கு எப்போதும் இரண்டாவதுதான். பருத்தி ஏற்கெனவே ஈட்டில் இருப்பதால் அடுத்த கடைக்காரர் கடன் தரமாட்டார். சோளமோ காய்கறியோ போடலாம் என்றால் அதற்கும் கடைக்காரர் சம்மதிக்கமாட்டார். பருத்தியைத் தின்ன முடியாது, விற்றே ஆகவேண்டும், அதனால் அவருக்கு அதுதான் வசதி. அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது பாக்கி நிற்கும், அது அடுத்த வருடப் பக்கத்துக்குப் போகும். எல்லோரும் பருத்தியே போட்டதால் விலை இன்னும் விழுந்தது. கறுப்பின விவசாயிக்கும் வெள்ளை விவசாயிக்கும் இந்தப் பற்று நோட்டில் வித்தியாசம் இருக்கவில்லை.

இவர்கள் எடுத்த எடுப்பில் கட்சி தொடங்கிவிடவில்லை. 1877-இல் டெக்சாஸின் லாம்பசஸ் வட்டாரத்தில் தொடங்கிய விவசாயிகள் கூட்டணி முதலில் கூட்டுறவாகக் கொள்முதல் செய்யப் பார்த்தது. வங்கிகள் கடன் தரவில்லை. 1889-இல் கூட்டணித் தலைவர்களில் ஒருவரான சார்ல்ஸ் மகூன் ஒரு யோசனை சொன்னார்: அரசாங்கமே கிடங்கு கட்டட்டும், விளைச்சலை அங்கே வைத்து அதன் மதிப்பில் 80 சதவீதத்தை ஆண்டுக்கு 1 சதவீத வட்டியில் கொடுக்கட்டும், விலை ஏறும்போது விற்றுக்கொள்கிறோம். நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு பெரிய கட்சிகளும் இதைத் தொடவில்லை. அப்புறம்தான் தனிக்கட்சி.

1892 ஜூலை 4 அன்று ஒமாஹா மாநாட்டில் தங்கள் கோரிக்கைகளை வெளியிட்டார்கள். வெள்ளி நாணயம், படிப்படியாக ஏறும் வருமான வரி, ரயிலும் தந்தியும் தொலைபேசியும் அரசு கையில், அஞ்சலகச் சேமிப்பு வங்கி. கூடவே ரகசிய வாக்கெடுப்பையும் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதையும் ஆதரித்துத் தீர்மானம் போட்டார்கள். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவர்களுடைய வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 10 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கினார். இந்தப் பட்டியலில் ‘மக்கள்’ என்றால் உழைத்து விளைவிப்பவர்கள். எதிரே நிற்பது பண முதலைகள். எதிர்ப்பக்கம் ஒன்று இல்லாமல் இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

ஆனால் உழைத்து விளைவிப்பவர்கள் எல்லோருமா மக்கள்? தெற்கின் விவசாயிகள் கூட்டணி கறுப்பின விவசாயிகளைச் சேர்க்கவில்லை. அவர்கள் 1886-இல் தனியாக ஒரு கூட்டணி வைத்துக்கொண்டார்கள். மக்கள் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜார்ஜியாவின் டாம் வாட்சன் 1892-இல் இரு தரப்பையும் பார்த்து, உங்களைப் பிரித்து வைப்பதே தனித்தனியாகச் சுரண்டுவதற்குத்தான் என்று எழுதினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். பின்னாளில் அதே வாட்சன் கறுப்பினத்தவர் மீதும் யூதர்கள் மீதும் கத்தோலிக்கர்கள் மீதும் வெறுப்பைக் கொட்டி எழுதியவர், 1920-இல் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஏழை வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஓட்டுப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் தெற்கின் ஆளும் தரப்பு எழுத்தறிவுத் தேர்வு, ஓட்டுப் போடக் கட்டவேண்டிய வாக்கு வரி என்று தடைகளை அடுக்கியது. லூசியானாவில் 1896-இல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1904-இல் மீதி 1,342 பேர். இந்த இரண்டு எண்களையும் விட்டுவிட்டு பாப்புலிசத்தை விளக்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

கட்சியின் பலம் 1896-லேயே கரைந்துவிட்டது. ஜனநாயகக் கட்சியின் 36 வயது வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வெள்ளிக் கோரிக்கையைக் கையில் எடுத்தார், மக்கள் கட்சியும் அவரையே ஆதரித்தது, குடியரசுக் கட்சியின் மெக்கின்லியிடம் அவர் தோற்றார். கோரிக்கைகள் மட்டும் வேறு கைகளில் பிழைத்தன. அரசியலமைப்பில் வருமான வரிக்கான 16-ஆவது திருத்தமும் செனட்டரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 17-ஆவது திருத்தமும் 1913-இல் வந்தன. கிடங்கில் பயிரை வைத்துக் கடன் பெறும் ஏற்பாடு 1933-இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் வந்தது.

பெயர் கெட்டது அதற்கு வெகுநாள் கழித்து. 1955-இல் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் இந்த விவசாயிகளைப் பழைய பொற்காலக் கனவில் வாழ்ந்தவர்களாக, எதிலும் சதியைப் பார்த்தவர்களாகக் காட்டினார். மற்ற வரலாற்றாசிரியர்கள் மறுத்து எழுதினார்கள். மறுப்பு நூலகத்தில் தங்கிவிட்டது, குற்றச்சாட்டு பத்திரிகைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து பாப்புலிசம் என்றால் கூட்டத்தைத் தூண்டிவிடுவது என்ற வாடை. 2016 ஜூனில் ஒட்டாவாவில் நிருபர்கள் முன்னால் ஒபாமா, டிரம்பின் பேச்சைப் பாப்புலிசம் என்று சொல்ல முடியாது என்று வாதாடியது பழைய பொருளை மீட்கும் முயற்சி. அதற்கு யாரும் பெரிதாகக் காது கொடுத்த மாதிரி தெரியவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். ‘கவர்ச்சி’ என்பது விளக்கம் அல்ல, வசவு. அரசின் ஓர் அறிவிப்பைத் திட்டுவதற்கு உதவும். வருமான வரி போடுங்கள் என்று கேட்டவர்களிடம் என்ன கவர்ச்சி இருக்கிறது? ‘ஜனரஞ்சகம்’ என்றால் ஜனங்களை மகிழ்விப்பது. பாப்புலர் என்பதற்குப் பொருந்தும், பாப்புலிஸ்ட் என்பதற்குப் பொருந்தாது. இரண்டும் ஒரு வேரில் வந்த பங்காளிகள், அதனால் வந்த குழப்பம் இது. ‘வெகுஜனம்’ எண்ணிக்கையைச் சொல்கிறது. வெகுஜன ஊடகம் என்பதில் அது சரியாக உட்காருகிறது. ஆனால் ஒமாஹாவில் பேசப்பட்டது எத்தனை பேர் என்பது இல்லை, யார் பக்கம் என்பது.

‘மக்கள்’தான் பொருந்துகிறது. வள்ளுவர் ‘மக்களே போல்வர் கயவர்’ என்றபோது மனிதர் என்ற பொருளில் சொன்னார். மக்கட்பேறு என்னும்போது பிள்ளைகள். பொதுமக்கள் என்பது அதன் இன்றைய முகம். யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்பவரைப் பொறுத்து விரிந்து சுருங்கும் சொல் இது. பாப்புலிசத்துக்குள் இருக்கும் ‘மக்க’ளும் அப்படித்தான், வாட்சனே சாட்சி. பின்னொட்டாக ‘வாதம்’ போடலாம். எனக்கு அதைப் படித்தால் கை கால் இழுத்துக்கொள்ளும் நோய் ஞாபகம் வருகிறது. பெண்ணியம், மார்க்சியம் போல ‘மக்களியம்’ என்றே எழுதுகிறேன். ‘1890களின் கான்சாஸ் மக்களியம்’, ‘மக்களியப் பேச்சு’ என்றெல்லாம் சிரமமில்லாமல் வளைகிறது. யாராவது ஒரு திட்டத்தைத் திட்டுவதற்காகப் பாப்புலிஸ்ட் என்றால், அதை மட்டும் ‘கவர்ச்சித் திட்டம் என்று சாடினார்’ என்று அவர் வாயிலேயே விட்டுவிடலாம்.

ஆளைக் குறிக்க என்ன சொல்வது என்று டொபீகாக்காரர்கள் பட்ட பாடு நமக்கு இல்லை. எந்தக் கட்சிப் பெயரோடும் ‘காரர்’ ஒட்டிக்கொள்ளும். மக்கள் கட்சிக்காரர், அவ்வளவுதான். என்ன, நம் ஊரில் வக்கீல்களும் தங்களிடம் வழக்கு கொடுத்தவரைக் கட்சிக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். ஓவர்மையர் தமிழராக இருந்திருந்தால் அந்த ரயிலில் பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.