மோதியதோடு வீடியோவை நிறுத்திவிடாதீர்கள்

கார் பந்தயப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 1970களின் கடைசியையும் 80களின் தொடக்கத்தையும் சேர்ந்த ஃபார்முலா ஒன் துண்டுக் காட்சிகள் ஓயாமல் சுற்றுகின்றன. மஞ்சள் நிற ரெனோ கார், பின்னால் வெள்ளைப் புகை, புகைக்குழாயில் பளிச்சென்று சீறும் தீ. எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவன், என் கண் போகிற இடம் வேறு. பெரும்பாலான காட்சிகளில் கார் மோதியதும் வெட்டிவிட்டு, அலறும் பின்னணி இசையோடு அடுத்த மோதலுக்குத் தாவிவிடுவார்கள். வெட்டாத பிரதி கிடைத்தால் அதைத்தான் தேடிப் பார்ப்பேன், பயிற்சி மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டுவேன். முதலில் ஓடுவது யார்? எதைப் பிடித்து இழுக்கிறார்கள்? கூட்டம் எங்கே நிற்கிறது? ஸ்ட்ரெச்சர் எப்போது வருகிறது? அடிபட்டவர் பிழைப்பது பல நேரம் அங்கேதான் முடிவாகிறது.

அந்தக் காலத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அப்போதிருந்த விதிப்படி 3 லிட்டர் சாதா எஞ்சின் வைக்கலாம், இல்லையென்றால் காற்றை அழுத்தி ஊட்டும் 1.5 லிட்டர் எஞ்சின் வைக்கலாம். இரண்டாவது வழியைப் பல ஆண்டுகள் யாரும் சீந்தவில்லை. 1977 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ரெனோ அந்த வழியில் முதல் டர்போ காரை இறக்கியது, ஓட்டியவர் ழான்-பியர் ஜபூய். அடிக்கடி புகைந்து நின்றதால் மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று கேலி பேசினார்கள். இரண்டே ஆண்டில், 1979 ஜூலை 1 அன்று, பிரான்சின் டிஜோனில் அதே ஜபூய் டர்போவுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். அந்தப் பந்தயத்தின் காட்சி என்று இன்று சுற்றுவது, இரண்டாம் இடத்துக்காக ஜில் வில்நூவும் ரெனே அர்னூவும் சக்கரத்தோடு சக்கரம் உரசிய கடைசிச் சுற்றுகள்தான். பாவம், ஜெயித்தவரை யாரும் தேடுவதில்லை.

மருத்துவனாக அந்தக் கார்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிவது கால்கள். காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் காற்றுச் சுரங்கங்களை இரு பக்கமும் அமைக்க இடம் வேண்டியிருந்தது. அதனால் பெட்ரோல் டாங்க் நடுவில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. ஓட்டுநர் முன்னே தள்ளப்பட்டார். பெடல்கள் முன்சக்கர அச்சையும் தாண்டி வெளியே நின்றன. பாதத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே இருந்தது மெல்லிய அலுமினியத் தகடும் கொஞ்சம் கண்ணாடியிழையும்.

விளைவு வரிசையாக வந்தது. டர்போவின் முதல் வெற்றியாளர் ஜபூய் 1980இல் மான்ட்ரியாலில் கால் முறிந்து, மறு ஆண்டு பாதியிலேயே ஓய்வு பெற்றார். 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்மில் கொட்டும் மழையில் டிடியே பிரோனியின் டர்போ ஃபெராரி, அலேன் ப்ராஸ்டின் டர்போ ரெனோவின் பின்சக்கரத்தில் ஏறிப் பறந்து விழுந்தது. உலகப் பட்டத்துக்கான புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பிரோனி, இரு கால்களும் நொறுங்கி, ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பவே இல்லை. ஓட்டுநரின் பாதம் முன் அச்சுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்ற விதி 1988இல்தான் வந்தது. நம் ஊர் பைக்கில் வருகிறவருக்கு இன்றைக்கும் கால்தான் பம்பர். அவருக்காக எந்த விதியும் வரப்போவதில்லை.

நான் அதிகம் போட்டுக் காட்டுவது 1978 செப்டம்பர் 10, இத்தாலியின் மோன்சா. பின்வரிசைக் கார்கள் வந்து நிற்காமல் இன்னும் உருண்டுகொண்டு வரும்போதே பந்தயத்தைத் தொடங்கப் பச்சை விளக்கு போட்டுவிட்டார்கள். ஓடுபாதை குறுகும் இடத்தில் எல்லாம் ஒன்றாக வந்து முட்டின. ரோனி பீட்டர்சன் என்ற ஓட்டுநரின் லோட்டஸ் கார் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. ஜேம்ஸ் ஹன்ட், கிளே ரெகாட்சோனி, பாட்ரிக் தெபையே என்ற சக ஓட்டுநர்கள்தான் அவரை வெளியே இழுத்தார்கள். தீ எரிகிறது, வேறு வழியில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டியது. பீட்டர்சன் ஓடுபாதையின் நடுவில் கிடத்தப்பட்டிருக்கிறார். நினைவு இருக்கிறது. தீக்காயம் பெரிதில்லை, கால்கள்தான் பல இடங்களில் நொறுங்கியிருக்கின்றன. அந்த ஆண்டுதான் ஃபார்முலா ஒன் மருத்துவப் பொறுப்பை ஏற்றிருந்த சிட் வாட்கின்ஸ் என்ற லண்டன் நரம்பியல் அறுவை நிபுணர் ஓடி வருகிறார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கைகோத்து நின்ற போலீசார் அவரையே உள்ளே விடவில்லை. ஆம்புலன்ஸ் வர பத்து நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. மிலான் நகரின் நிகுவார்டா மருத்துவமனையில் அன்றிரவு அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலை இறந்துபோனார். கால் முறிந்ததற்காக ஒருவர் சாவாரா என்று இந்தக் காட்சியைப் பார்க்கிற எல்லோரும் கேட்பார்கள். சாவார்.

தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு போன்ற நீண்ட எலும்புகளுக்குள் மஜ்ஜையும் கொழுப்பும் இருக்கின்றன. எலும்பு முறியும்போது அந்தக் கொழுப்புத் துளிகள் ரத்தக்குழாய்க்குள் புகுந்து நுரையீரலை அடைக்கும், சிலருக்கு மூளையையும் எட்டும். நாங்கள் ஃபேட் எம்பாலிசம் என்போம், பீட்டர்சனின் உயிரைப் பறித்தது அதுதான். முறிந்த காலில் கொஞ்சம் கொழுப்பு கசிவது சகஜம்தான், அது நோயாக முற்றுவது சிலருக்கே. அது யாருக்கு என்று முதல் மணி நேரத்தில் சொல்ல முடியாது. பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். பீட்டர்சனுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. இதைக் கரைக்கும் மருந்து எதுவும் கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, தேவைப்பட்டால் வென்டிலேட்டரில் வைத்து, நுரையீரல் தேறும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. வராமல் பார்த்துக்கொள்ள நம் கையில் இருப்பது, முறிந்த காலை ஆரம்பத்திலேயே அசையாமல் கட்டுவதும், காலம் தாழ்த்தாமல் எலும்பைப் பொருத்துவதும்.

சாலையில் நடப்பதோ நேர்மாறு. நான்கு பேர் ஆளுக்கொரு கை கால் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கித் திணித்துக் கொண்டுவருவார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் முறிந்த தொடை அந்த மடக்கலில் ஒவ்வொரு குழிக்கும் ஆடுகிறது, உள்ளே ரத்தம் போகிறது. தீயோ, இன்னொரு வண்டி வந்து மோதும் ஆபத்தோ இல்லையென்றால் 108 வரும்வரை கிடந்த இடத்திலேயே விடுங்கள். வரத் தாமதமானால் நல்ல காலோடு முறிந்த காலைச் சேர்த்து, முறிந்த இடத்தை விட்டுவிட்டு மேலும் கீழும் துண்டால் கட்டலாம். ரத்தம் பீறிட்டால் துணி வைத்து அழுத்துங்கள். மூச்சு ஒழுங்காக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும். சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் போகலாம், மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தலைவலி.

அட்மிட் ஆன பிறகு உறவினர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தொடை முறிந்த இளைஞர் முதல் நாள் நன்றாகப் பேசுவார், ஜோக்கடிப்பார். இரண்டாம் நாள் இரவு சம்பந்தமில்லாமல் பேசுவார், டிரிப்பைப் பிடுங்குவார், மூச்சு வேகமாக வாங்கும். ‘குடிக்கிற பையன் சார், ரெண்டு நாளா கிடைக்கல, அதான்’ என்று வீட்டாரே காரணம் சொல்லிவிடுவார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அது ஃபேட் எம்பாலிசமாகவும் இருக்கலாம், குடிதான் காரணம் என்ற முடிவுக்கு வர வேண்டியது விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு பார்த்த பிறகுதான். நெஞ்சிலும் அக்குளிலும் கீழிமைக்கு உள்ளேயும் ஊசிமுனை போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நேற்றுப் பேசியது போல் இன்று பேசவில்லை என்பதை எங்களைவிட அம்மாவோ மனைவியோதான் முதலில் கண்டுபிடிப்பார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. தொடை எலும்பு முறிந்தவரை வார்டிலிருந்து கூட்டிக்கொண்டு நாட்டுக் கட்டு போடப் போவது மிக ஆபத்தான காரியம்.

மோன்சாவுக்குப் பிறகு வாட்கின்ஸ் பிடிவாதம் பிடித்தார். மயக்க மருந்து நிபுணர், ஹெலிகாப்டர், முதல் சுற்று முழுக்கப் பந்தயக் கார்களின் பின்னாலேயே போகும் மருத்துவக் கார் என்று கேட்டு வாங்கினார். 1978 அக்டோபருக்குப் பிந்தைய காட்சிகளில் எல்லோரும் கிளம்பிய பிறகு கடைசியில் ஒரு கார் விரட்டிக்கொண்டு போவது தெரியும், கவனித்துப் பாருங்கள். 1982 ஜூன் 13, மான்ட்ரியாலில் கிளம்பாமல் நின்றுவிட்ட பிரோனியின் ஃபெராரி மீது பின்வரிசையிலிருந்து வந்த ரிக்கார்டோ பலெட்டி மோதினார். வாட்கின்ஸ் சில நொடிகளில் அங்கே இருந்தார். பெட்ரோல் தீப்பிடித்தபோதும் நகரவில்லை. நெஞ்சில் பட்ட அடி அவ்வளவு கடுமை, பலெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்கு முந்தைய மாதம் பெல்ஜியத்தின் சோல்டரில் காரிலிருந்து தூக்கி வீசப்பட்ட வில்நூவுக்குக் கழுத்து முறிவு, உதவி விரைந்து வந்தும் பயனில்லை. சீக்கிரம் போனால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பீட்டர்சன் போன்றவர்களுக்கு வாய்ப்பு இருந்தது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு காட்சியை மட்டும் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. 1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்காவின் கியாலமி, ரெனோ வருவதற்கு நான்கு மாதம் முன்பு. பாதையோரம் நின்ற காரில் சிறு தீ. அணைக்க 19 வயது மார்ஷல் (பாதையோரப் பாதுகாப்புப் பணியாளர்) ஒருவர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதையின் குறுக்கே ஓடினார். மேட்டுக்கு அப்பால் முழு வேகத்தில் வந்த டாம் ப்ரைஸ் என்ற ஓட்டுநருக்கு அவர் வருவது தெரிய வழியே இல்லை. இருவருமே இறந்தார்கள். உதவப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் விபத்தைப் பார்த்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, இரு பக்கமும் பார்த்துவிட்டு இறங்குங்கள். கூட ஆள் இருந்தால், ஒருவர் வண்டிகள் வரும் திசையில் சற்றுத் தள்ளிப் போய்ச் சாலைக்கு வெளியே நின்று போன் டார்ச்சைக் காட்டட்டும்.

போலீஸ், கோர்ட் என்று இழுத்தடிப்பார்களே என்ற பயம் இன்னும் போகவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி கேட்டு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையும் இலவசம், அதனால் பணம் யார் கட்டுவது என்றும் தயங்க வேண்டாம். எங்களுக்குத் தேவை வேறு: எத்தனை மணிக்கு அடிபட்டது, நீங்கள் பார்த்தபோது நினைவு இருந்ததா, எப்படித் தூக்கி எடுத்தீர்கள். காஷுவால்ட்டி வாசலில் இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, பெயர் சொல்லாமலேயே கிளம்பலாம்.